வெளிநாட்டு டெவலப்பர்கள் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: நாங்கள் பில்லிங் மென்பொருள் செய்யும் சிறிய நிறுவனம். 14 டெவலப்பர்கள், பெரும்பாலும் ஒரே அலுவலகத்தில். போன வருடம் வேறு நாடுகளிலிருந்து மூன்று பேரை எடுத்தோம். இருவர் ஆறு மாதம் முடிவதற்குள் விலகிவிட்டார்கள். மூன்றாமவர் கோட் நன்றாக எழுதுகிறார். ஆனால் எதற்கெடுத்தாலும் கேட்டுக் கேட்டுத்தான் செய்கிறார். எங்கள் நேர்காணல் ஐந்து சுற்று, அதில் இரண்டு அல்காரிதம் புதிர்கள். எங்களுக்குப் பிடித்துப்போனவர்கள் நான்காம் சுற்றுக்குள் வேறு ஆஃபரை ஏற்றுக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்த வருடம் இன்னும் ஆறு பேர் வேண்டும். மூன்று டைம் ஸோன்களில் இரண்டிரண்டு பேராக எடுத்தால் நாள் முழுக்க வேலை ஓடும் என்பது திட்டம். எட்டு வருட அனுபவம் கேட்டு விளம்பரமும் கொடுத்துவிட்டோம். நேர்காணலில் எதை மாற்றுவது? டீமை எப்படிப் பிரிப்பது? சம்பளத்தை ஊருக்கு ஊர் மாற்றலாமா? — ஒரு நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர்

பதில்: உங்கள் மூன்று கேள்விகளிலும் இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். போன வருடம் வந்த மூன்று பேருக்கும் எந்தப் பகுதி முழுதாக ஒப்படைக்கப்பட்டிருந்தது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அலுவலக டீமின் டிக்கெட்டுகளில் (தனித்தனி வேலைக் குறிப்புகள்) மிஞ்சியதைப் பிரித்துக் கொடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் மூன்றாமவர் கேட்டுக் கேட்டுச் செய்வதில் அவர் குணம் காரணமில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது எங்கும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆறு மணி நேர வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் காலை 9 முதல் மாலை 6 வரை வேலை. நேரத்தில் முன்னால் இருப்பவருக்கு உங்கள் அலுவலகம் திறப்பதே பிற்பகல் 3 மணிக்கு. காலை 10 மணிக்கு அவருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. பதில் வரும்போது மணி 4. அந்தப் பதிலிலிருந்து இன்னொரு கேள்வி பிறக்கிறது, பதில் சொல்ல வேண்டியவர் மீட்டிங்கில் இருக்கிறார், இனி நாளைக்குத்தான். பக்கத்து மேஜைக்காரர் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளும் மூன்று கேள்விகள் இவருக்கு இரண்டரை நாள். ஆறு மாதம் இப்படி ஓடினால் திறமையானவர் விலகுவார். விலகாதவர் எதையும் தானாக முடிவெடுக்காமல் இருக்கப் பழகிக்கொள்வார். உங்களிடம் நடந்தது இரண்டுமே.

ஆகவே ஆள் எடுக்கும் முன் ஒரு சோதனை. கடந்த மூன்று மாதத்தில் எடுத்த பெரிய தொழில்நுட்ப முடிவுகள் ஐந்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த டேட்டாபேஸ், எந்தப் பேமெண்ட் சேவை, எந்த அம்சத்தைக் கைவிட்டோம் என்பது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் ‘ஏன்’ என்பது ரெப்போவிலோ (கோட் சேமிப்பகம்) ஆவணத்திலோ இருக்கிறதா, தேடிப் பாருங்கள். ஐந்தில் நான்கு யாரோ இருவர் தலைக்குள் மட்டும் இருந்தால், இப்போது எடுக்கும் ஆறு பேரும் போன வருடத்து மூன்று பேரின் வழியில்தான் போவார்கள்.

இதைச் சரிசெய்ய பெரிய ஆவணத் திட்டமெல்லாம் வேண்டாம். அவை பாதியில் நின்றுவிடும். மூன்று வாரத்தில் நான்கு காரியம் போதும். முதலாவது, முழு அமைப்பையும் ஒரே பக்கத்தில் விளக்கும் வரைபடம்: என்னென்ன சேவைகள், எது எதை அழைக்கிறது, எந்தத் தரவு எங்கே இருக்கிறது. இரண்டாவது, முடிவுக் குறிப்பு: பிரச்சினை, பரிசீலித்த வழிகள், தேர்ந்தெடுத்தது, காரணம், தேதி. அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, கோடுடனேயே ரெப்போவில் இருக்க வேண்டும். மூன்றாவது, டெப்லாய் செய்வதும் (புதுக் கோடைச் சர்வரில் இயங்க வைப்பதும்) அதைத் திரும்பப் பெறுவதும், படிப்படியாக. நான்காவது, வெறும் லேப்டாப்பிலிருந்து கோடைச் சரிபார்க்கும் டெஸ்ட்கள் ஓடும் வரைக்குமான வழிமுறை.

அந்த நான்காவதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வேறு டீம்காரர் ஒருவரிடம் சுத்தமான இயந்திரத்தைக் கொடுத்து, ரீட்மீ கோப்பை (ரெப்போவோடு வரும் அறிமுகக் குறிப்பு) மட்டும் வைத்து முயலச் சொல்லுங்கள். வாய் திறந்து யாரையாவது கேட்க நேர்ந்த இடங்களையெல்லாம் அவர் குறித்துக்கொள்ளட்டும். ‘அந்த டெஸ்ட் அப்படித்தான் அடிக்கடி விழும், மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும்’ என்ற ரகத் தகவல்தான் அதிகம் சிக்கும். அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த இந்த வாய்மொழிச் செய்தி, வெளியிலிருப்பவருக்கு ஒரு முழு நாளைத் தின்றுவிடும். அரை நாளில் டெஸ்ட்கள் ஓட வேண்டும் என்பதை இலக்காக வையுங்கள்.

எழுத்தை மையமாக வைத்தால் தொலைவு தடையாகாது என்பதற்குச் சான்று பழையது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை உருவாக்குபவர்கள் தொடக்கம் முதலே உலகெங்கும் சிதறி, மின்னஞ்சல் குழுக்கள் வழியாகத்தான் வேலை செய்கிறார்கள். அந்த வேலைக்காகத்தான் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் கோட் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டை எழுதினார். இணையத்தின் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில், நேரில் கூடும்போது எட்டிய ஒப்புதலையும் மின்னஞ்சல் குழுவில் வைத்து உறுதிசெய்துகொள்வது நடைமுறை. அறையில் இல்லாதவருக்கும் முடிவில் பங்கு உண்டு என்பது அதன் பொருள். உங்கள் அலுவலகத்திலும் இதே விதியை வைத்துவிடலாம்: நடைவழியில் நின்று பேசி எடுத்த எந்த முடிவும், எழுதிப் போட்டு ஒரு வேலை நாள் கழியும் வரை முடிவல்ல. முதல் மாதம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

இனி டீம் பிரிப்பு. மூன்று டைம் ஸோன்களில் இரண்டிரண்டு பேர் என்ற திட்டத்தைக் கைவிடுங்கள். ஒரு நிறுவனம் எப்படிப் பேசிக்கொள்கிறதோ அப்படித்தான் அது வடிவமைக்கும் மென்பொருளும் அமையும் என்று கணினி விஞ்ஞானி மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். இரண்டிரண்டு பேராகத் தூவினால் அவர்கள் எதையும் முழுதாக வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு மாற்றமும் உங்கள் அலுவலகத்தைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் தனி மரம். ‘நாள் முழுக்க வேலை ஓடும்’ என்பது காகிதத்தில் அழகாக இருக்கும். எட்டு மணி நேரத்துக்கொரு முறை வேலையைக் கைமாற்ற வேண்டுமென்றால், பாதியில் நிற்கும் கோடையும் பாதியில் நிற்கும் யோசனையையும் தினமும் எழுதி ஒப்படைக்க வேண்டும். கஸ்டமர் சப்போர்ட்டில் இது நடக்கும், ஏனென்றால் ஒரு டிக்கெட் தனித்து நிற்கும். புது அம்சம் கட்டும் வேலையில் பெரும்பாலும் நடக்காது.

ஆறு பேரையும் ஒரே நேர வளையத்தில் எடுங்கள். ஒரே ஊர் வேண்டியதில்லை. தங்களுக்குள் இரண்டு மணி நேர வித்தியாசத்துக்குள் இருந்தால் போதும். உங்கள் அலுவலகத்தோடு தினமும் நான்கு மணி நேரம் ஒன்றுபட்டால் சௌகரியம். மூன்று மணி நேரம் என்றாலும் சமாளிக்கலாம், தனிப் பகுதி ஒப்படைத்திருந்தால். இரண்டுக்குக் கீழே போனால் அந்த டீமை வேறு நிறுவனம் போலவே நடத்த வேண்டும்: எழுதப்பட்ட ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றை அழைக்கும் முறை), அதன் பதிப்பு எண், மாற்றத்துக்கு முன்னறிவிப்பு எல்லாம் சகிதம். நீங்கள் இருக்கும் நிலைமையில் அதற்கு இப்போது போக வேண்டாம்.

அவர்களுக்கு ஒப்படைக்கும் பகுதி எது? மூன்று அளவுகோல்கள் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக டெப்லாய் செய்ய முடிய வேண்டும். தரவை அவர்களே வைத்திருக்க வேண்டும், பிறருடைய டேட்டாபேஸ் டேபிளில் எழுதக் கூடாது. பயனாளர் யார் என்று தெளிவாகத் தெரிய வேண்டும். பில்லிங் மென்பொருளில் அறிக்கைகள், வங்கிக் கணக்கோடு வசூலைச் சரிபார்க்கும் பகுதி, வாடிக்கையாளருக்குப் போகும் அறிவிப்புகள் ஆகியவை இதற்குப் பொருந்தும். வரி கணக்கிடும் மையப் பகுதி பொருந்தாது. அதை எல்லாரும் தொடுவார்கள். அலுவலகத்துக்காரர்கள் யாரும் விரும்பாத பழைய பகுதியைத் தள்ளிவிடும் ஆசை வரும். வந்தவர்கள் முதல் மாதத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆறையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று கணினி விஞ்ஞானி ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் சொன்னதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. 14 பேருக்குள் இருவர் இருவராகப் பேச வேண்டிய இணைப்புகள் 91. 20 பேருக்கு 190. ஆள் பாதிக்கும் குறைவாகத்தான் கூடுகிறது. பேச்சு இரு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. அதனால் முதலில் ஒருவர்: அந்த டீமை நடத்தப்போகிற மூத்தவர். அவர் வந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து இருவர், அவர்களை அவரே தேர்ந்தெடுக்க உதவட்டும். மீதி மூவர், முதல் மூவரும் சேர்ந்து உருப்படியாக ஒன்றை வெளியிட்ட பிறகு. உங்கள் மூன்றாமவர் அதே நேர வளையத்தில் இருந்தால் அவரையும் இந்த டீமிலேயே சேருங்கள். டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு ஒரு சிறு சேவையை அவர் பெயரில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். கேள்விகள் எவ்வளவு குறைகின்றன என்று தெரியும்.

இரவு நேரத்தில் சர்வர் விழுந்தால் பார்த்துக்கொள்ளவும் இந்த ஆட்கள் உதவுவார்கள் என்ற கணக்கு மனதில் இருந்தால், அதைத் தள்ளிப்போடுங்கள். கூகிளின் எஸ்ஆர்இ குழுக்கள் (சேவைகள் விழாமல் பார்த்துக்கொள்பவர்கள்) வெளியிட்ட வழிகாட்டுதலில், ஓரிடத்து டீமாக இருந்தால் ஆன்-கால் சுழற்சிக்கு (அவசர அழைப்பை முறை வைத்து ஏற்பது) குறைந்தது 8 பேர், இரண்டு இடமாக இருந்தால் இடத்துக்கு 6 பேர் என்று இருக்கிறது. உங்கள் அளவுக்கு அதை அப்படியே பின்பற்ற முடியாமல் போகலாம். ஆனாலும் மூன்று பேரிடம் பேஜரைக் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் மூன்று வாரத்துக்கொரு முறை தூக்கம் கெடும். சம்பளம் எவ்வளவு என்றாலும் கிளம்பிவிடுவார்கள்.

இப்போது நேர்காணல். அல்காரிதம் புதிர் சுற்றுகள் இரண்டையும் எடுத்துவிடுங்கள். பைனரி ட்ரீயைத் தலைகீழாக்கத் தெரிந்தவர், ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் எடுக்காமல் பார்த்துக்கொள்வாரா என்று அதில் தெரியாது. ஆள் தேர்வு முறைகள் பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து உளவியலாளர் பால் சாக்கெட்டும் குழுவினரும் 2022-இல் மறுபடி கணக்கிட்டார்கள். பின்னாளில் வேலையில் எப்படிச் செய்தார் என்பதோடு ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு அது. 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் சம்பந்தமே இல்லை. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே எழுதிய அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல் 0.42. வேலை பற்றிய அறிவுத் தேர்வு 0.40. செய்யப்போகும் வேலையின் ஒரு துண்டைச் செய்யச் சொல்வது 0.33. மனம்போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணல் 0.19. அனுபவ ஆண்டுகள் 0.07. உங்கள் விளம்பரத்தில் முதல் வரியே அந்தக் கடைசி எண்தான்.

புது முறைக்கு நான்கு படிகள் போதும், விண்ணப்பத்திலிருந்து ஆஃபர் வரை பத்து வேலை நாள். இதற்கு மேல் போனால் நல்லவர்கள் போய்விடுவார்கள், நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

முதல் படி அரை மணி நேர அழைப்பு. சம்பள வரம்பு, எந்த நான்கு மணி நேரம் ஒன்றாக இருக்க வேண்டும், ஒப்பந்தம் எந்த வகை: இந்த மூன்றையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஒத்துவராதவர்கள் அங்கேயே விலகிக்கொள்வார்கள். இரு பக்கமும் நேரம் மிச்சம்.

இரண்டாம் படிதான் முக்கியம், அதனால் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் மென்பொருளைப் போலிருக்கும் ஒரு சிறு ரெப்போவைத் தயார் செய்யுங்கள். 600 முதல் 1000 வரி போதும். அதில் 250 வரி அளவுக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட் (கோடில் சேர்க்கச் சொல்லி அனுப்பிய மாற்றம்) காத்திருக்கட்டும். விண்ணப்பதாரர் அதை ரிவ்யூ செய்து, கருத்துகளை எழுதி அனுப்ப வேண்டும். புதிதாகக் கோட் எழுதச் சொல்வதைவிட இது நல்ல சோதனை. தொலைவிலிருந்து வேலை செய்பவர் பாதி நாள் பிறர் கோடைப் படித்து, எழுத்தில் புரியவைத்துக்கொண்டுதான் இருப்பார்.

அந்த 250 வரிக்குள் ஆறு பிழைகளை வையுங்கள், எளிதிலிருந்து கடினத்துக்கு. பணத்தை ஃப்ளோட்டிங் பாயிண்ட்டில் (தோராயமாகச் சேமிக்கும் தசம எண் வகை) வைத்திருப்பது முதலாவது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவது தெரிந்தவர் உடனே பிடிப்பார். சிறிய அலகில் முழு எண்ணாகவோ டெசிமல் வகையிலோ வைக்கச் சொல்வார். லூப்புக்குள் ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனி டேட்டாபேஸ் குவெரி (தரவு கேட்பது). லாக் கோப்பில் (நிகழ்வுப் பதிவு) கார்டு எண் முழுதாகப் பதிவாவது. பில்லையும் ரசீதையும், சேர்ந்தே பதிவாகும் அல்லது சேர்ந்தே கைவிடப்படும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் எழுதாமல் விடுவது. பேமெண்ட் அழைப்பு டைம்-அவுட் ஆனால் (பதில் வராமல் நேரம் கடந்தால்) அப்படியே மறுபடி அனுப்புவது: முதல் அழைப்பு உண்மையில் வெற்றி பெற்றிருந்தால் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை பணம் போகும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனிச் சாவி வைத்து மறுமுனையில் சரிபார்க்காத வரை. ஆறாவது, மாதக் கடைசி நாளை சர்வர் நேரத்தில் கணக்கிடுவது. வாடிக்கையாளரின் டைம் ஸோனில் அது அடுத்த மாதமாக இருக்கலாம்.

இவற்றோடு, பார்க்க விசித்திரமாக இருந்தாலும் சரியான ஒரு துண்டையும் சேர்த்துவிடுங்கள், ஏன் அப்படி என்று ஒரு கமெண்ட்டோடு. அதையும் படிக்காமல் ‘மாற்று’ என்று எழுதுபவரை அடையாளம் காணலாம்.

கண்டுபிடித்த எண்ணிக்கைக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். இரட்டை வசூலையும் வேரியபிள் பெயரையும் ஒரே தொனியில் எழுதுபவர், எது தடுக்க வேண்டியது எது பரவாயில்லை என்று பிரிக்கத் தெரியாதவர். 1 முதல் 4 வரை அளவுகோலை முன்கூட்டியே எழுதிவையுங்கள். உதாரணமாக 4 என்றால்: இரட்டை வசூலைப் பிடித்தார், எப்படி நடக்கும் என்று விளக்கினார், தீர்வு சொன்னார், மெர்ஜ் ஆகக் கூடாது (முதன்மைக் கோடில் சேரக் கூடாது) என்று தெளிவாக எழுதினார். 2 என்றால்: ‘ரீட்ரை ஆபத்தானது’ என்று மட்டும் சொன்னார்.

ஏஐ கருவிகளை அனுமதித்துவிடுங்கள். தடை போட்டால் நேர்மையாக இருப்பவருக்கு மட்டும்தான் தண்டனை. மேலோட்டமான பிழைகளைக் கருவி பிடித்துவிடும் என்பதால், கடைசி இரண்டு பிழைகளின் பின்விளைவை அடுத்த படியில் நேரில் கேளுங்கள். சொந்தமாகப் புரிந்துகொண்டவர் தடுமாறாமல் அடுத்த கேள்விக்குப் போவார்.

இந்தப் பயிற்சிக்கு 90 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. விளம்பரத்துக்கு முன் உங்கள் டெவலப்பர்கள் இருவரைச் செய்ய வையுங்கள். அவர்களுக்கே 60 நிமிடத்துக்கு மேல் ஆனால் குறைத்துவிடுங்கள், ஏனெனில் புதியவருக்குக் கோடும் புதிது. நாள் கணக்கில் நீளும் வேலை கொடுக்க வேண்டுமென்றால் அதற்குப் பணம் கொடுங்கள். குழந்தை வளர்ப்பவரும் இன்னொரு வேலையில் இருப்பவரும் வார இறுதியை இலவசமாகத் தரமாட்டார்கள்.

மூன்றாம் படியில் ஒரே நாளில் இரண்டு நேர்காணல், தலா 50 நிமிடம். ஒன்று அந்த ரிவ்யூவைத் தொடர்ந்து பேசுவது. மற்றொன்று எல்லாரிடமும் ஒரே வரிசையில் கேட்கும் ஐந்தாறு கேள்விகள். தொலைவு டீமுக்கு நான் கட்டாயம் வைக்கச் சொல்வது இது: ‘டிக்கெட் புரியவில்லை, கேட்க வேண்டியவர் வர இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது என்ற நிலை கடைசியாக எப்போது வந்தது, என்ன செய்தீர்கள்?’ காத்திருந்தேன் என்பது பலவீனமான பதில். எனக்குச் சரியென்று பட்டதைச் செய்து மெர்ஜ் செய்துவிட்டேன் என்பது அதைவிட மோசம், டேபிள் அமைப்பை மாற்றும் வேலையாக இருந்தால். நல்ல பதிலில் மூன்று இருக்கும்: கேள்வியை முழுப் பின்னணியோடு எழுதி வைத்தார், திருப்பி எடுக்கக் கூடிய பகுதியை ஒரு அனுமானத்தில் தொடங்கினார், அந்த அனுமானத்தையும் எழுதினார். இதுவரை அலுவலகத்தில் மட்டுமே வேலை பார்த்தவரைத் தள்ளிவிடாதீர்கள். விடுப்பில் போன சக ஊழியரை வைத்து அதே கேள்வியைக் கேட்கலாம்.

கேட்டவர்கள் ஒருவரோடொருவர் பேசும் முன் மதிப்பெண்ணை எழுதிவிட வேண்டும். பிறகு கூடும்போது இளையவர் முதலில் பேசட்டும். நீங்கள் வாயைத் திறந்துவிட்டால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் உங்கள் கருத்தின் எதிரொலிதான்.

நான்காவது, பழைய மேலாளர் இருவரிடம் விசாரிப்பது; 48 மணி நேரத்துக்குள் ஆஃபர். இங்கே ஒரு எச்சரிக்கை. தொலைவு வேலைக்கான நேர்காணல்களில் போலிக் குரலும் போலி வீடியோவும் பயன்படுத்தப்படுவதாக அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 ஜூனில் அறிவித்தது. ஒருவர் பேச இன்னொருவர் வேலைக்கு வருவதும் உண்டு. இரண்டு படிகளில் கேமரா, ஆஃபர் கட்டத்தில் சட்டப்படியான அடையாளச் சரிபார்ப்பு, லேப்டாப் அனுப்பும் முகவரி ஒப்பந்த முகவரியோடு ஒத்துப்போவது, முதல் நாள் அழைப்பில் நேர்காணல் செய்தவர் ஒருவர் இருப்பது: இவ்வளவு செய்தால் பெரும்பாலானவை அகப்படும். எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள், ஊரையோ பெயரையோ பார்த்து ஒருவருக்கு மட்டும் வேண்டாம்.

ஆள் வந்துவிட்டார். பெரும்பாலும் இங்கேதான் எல்லாம் கெடும். லேப்டாப் ஐந்து வேலை நாளுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். சுங்கத்தில் மாட்டிக்கொள்வது சாதாரணம், அங்கேயே வாங்கிக் கொடுப்பது பல நேரம் எளிது. அனுமதிகளைத் தரக்கூடிய அட்மின் ஒருவராவது அவர் விழித்திருக்கும் நேரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பாஸ்வேர்டு பூட்டிக்கொண்டால் ஒரு நாள் போச்சு. முதல் வாரத்துக்குள் ஒரு சிறு மாற்றம், எழுத்துப்பிழைத் திருத்தமாக இருந்தாலும், அவர் கையாலேயே, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் புரொடக்‌ஷனுக்குப் போகட்டும். முப்பது நாளில் ஒரு முழு அம்சம். தொண்ணூறு நாளில் ஒரு பகுதிக்கு அவரே பொறுப்பு. இந்த மூன்றையும் ஆஃபரோடு எழுதிக் கொடுத்துவிட்டால், சரிவரவில்லை என்றாலும் இரு பக்கமும் சீக்கிரம் தெரிந்துகொள்ளும்.

கோட் ரிவ்யூவுக்குத் தனி விதிகள் வேண்டும். 700 வரி புல் ரிக்வெஸ்ட் வந்தால் யாரும் தொட மாட்டார்கள். தொட்டாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நாள். நான்காம் நாள் மெயின் பிராஞ்ச் (முதன்மைக் கோட்) நகர்ந்து கான்ஃப்ளிக்ட் (இரு மாற்றங்கள் மோதுவது) வந்து நிற்கும். 300 வரிக்குள் வைக்கச் சொல்லுங்கள். முடியாத அம்சத்தை ஃபீச்சர் ஃப்ளாக்குக்கு (அம்சத்தை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச்) பின்னால் மறைத்து, துண்டு துண்டாக மெர்ஜ் செய்யலாம். விவரணையில் ஏன் இந்த மாற்றம், எப்படிச் சோதித்தேன், எதைச் செய்யவில்லை என்ற மூன்றும் இருக்க வேண்டும். ரிவ்யூ செய்பவர் ஒவ்வொரு கருத்துக்கும் முன்னால் ‘தடை’, ‘யோசனை’, ‘சிறியது’ என்று போட வேண்டும். தடை ஏதும் இல்லையென்றால் அப்போதே அப்ரூவ் செய்துவிட வேண்டும். மற்றதை எழுதியவர் திருத்தி, தானே மெர்ஜ் செய்துகொள்வார். இந்த ஒரு பழக்கமே ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு நாளையாவது மிச்சப்படுத்தும். முதல் பதில், ஒன்றாக இருக்கும் அந்த நான்கு மணி நேரத்துக்குள் வர வேண்டும். அந்த நேரத்தை மீட்டிங்கால் நிரப்பிவிட்டால் ரிவ்யூவுக்கு நேரம் இருக்காது.

மீட்டிங் என்றதும் இரண்டு சங்கதிகள். ஒருவர் தொலைவில் இருந்தாலும், அலுவலகத்துக்காரர்கள் அனைவரும் தனித்தனி லேப்டாப்பிலும் ஹெட்செட்டிலும் சேர வேண்டும். பெரிய மேஜையைச் சுற்றி எட்டுப் பேர், சுவரில் ஒரு முகம் என்றால் அந்த முகம் பேசவே பேசாது. இரண்டாவது கடிகாரம். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் மார்ச் கடைசி ஞாயிறும் நேரத்தை மாற்றுகின்றன. திரும்ப மாற்றுவது முறையே நவம்பர் முதல் ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். ஆசியாவில் பெரும்பாலான நாடுகள் மாற்றுவதே இல்லை. வருடத்தில் சில வாரங்கள் உங்கள் மீட்டிங் யாருக்காவது ஒரு மணி நேரம் தவறிப்போகும். தொடர் மீட்டிங்கை எந்த ஊர் நேரத்தில் பூட்டியிருக்கிறீர்கள் என்று காலண்டரிலேயே எழுதுங்கள். டெப்லாய் நேரங்களையும் லாக் பதிவுகளையும் யூடிசியில் (உலகப் பொது நேரம்) மட்டும் வையுங்கள்.

அளப்பது பற்றி: கீபோர்டு தட்டலைக் கண்காணிக்கும் மென்பொருள் எதையும் போடாதீர்கள். புல் ரிக்வெஸ்ட் முதல் பதிலுக்காகக் காத்திருந்த மணி நேரம், எழுதிய கோட் புரொடக்‌ஷனுக்குப் போக ஆன நாட்கள், ஒரே கேள்வி சாட்டில் இரண்டாம் முறை வந்தது எத்தனை. இந்த மூன்றை மாதம் ஒரு முறை பாருங்கள். முதல் எண் தொலைவு டீமுக்கும் அலுவலகத்துக்கும் வேறுபட்டால், அடுத்து விலகப்போவது யார் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

சம்பளக் கேள்விக்குச் சுருக்கமான பதில்: மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம், ஆளுக்கொரு பேரம் மட்டும் கூடாது. நிலைக்கு ஏற்ப எல்லாருக்கும் ஒரே தொகை, அல்லது நிலையும் இடமும் சேர்ந்த பட்டியல், இரண்டில் ஒன்றை எழுதிவைத்து உள்ளே எல்லாருக்கும் காட்டுங்கள். இடம் பார்ப்பதென்றால், ஒருவர் வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தால் சம்பளம் என்னவாகும் என்பதையும் இப்போதே எழுதுங்கள். அது நடந்த பிறகு எழுதினால் கசப்புதான்.

பணத்தைவிட ஒப்பந்த வகைதான் தலைவலி தரும். காண்ட்ராக்டர் என்று பெயர் வைத்துவிட்டு, வேலை நேரத்தையும் கருவிகளையும் விடுப்பையும் நீங்களே தீர்மானித்தால், பல நாடுகளின் சட்டம் அவரை ஊழியராகவே பார்க்கும். பின்தேதியிட்டு வரியும் சலுகைகளும் கேட்கும். அங்கே நிறுவனம் பதிவு செய்யாமல் ஊழியராக எடுக்க, உங்கள் சார்பில் சட்டப்படி வேலைக்கு வைத்துக்கொள்ளும் சேவை நிறுவனங்கள் இருக்கின்றன. ஐந்தாறு பேர் வரை அது வசதி. மூத்தவர் ஒருவர் உங்கள் பெயரில் அங்கே வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் செய்யும் நிலை வந்தால், அந்த நாட்டில் உங்களுக்கு நிறுவன வரி விழலாம். எழுதும் கோடின் உரிமை உங்களுக்கு மாறும் ஷரத்து எல்லா நாட்டிலும் தானாக வருவதில்லை, குறிப்பாகக் காண்ட்ராக்டர் விஷயத்தில். ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இதற்கு அந்த நாட்டு வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுங்கள். ஆறு பேரும் ஒரே நேர வளையத்தில் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: ஆறு நாட்டுச் சட்டம் படிக்க வேண்டாம், ஒன்றிரண்டோடு முடிந்துவிடும்.

இப்போது வெளியில் இருக்கும் விளம்பரத்தை இறக்கிவிடுங்கள். ஏற்கெனவே இரண்டாம் சுற்றைத் தாண்டியவர்களை நடுவில் புது முறைக்கு மாற்றாதீர்கள். மீதிச் சுற்றுகளை ஒரே வாரத்துக்குள் அடக்கி, முடிவைச் சொல்லிவிடுங்கள். மற்றவர்களுக்கு இந்த வாரமே எழுதுங்கள்: பணியின் வடிவம் மாறுகிறது, மூத்தவர் பணிக்கு மட்டும் இப்போது ஆள் பார்க்கிறோம், மற்ற ஐந்து இடங்கள் சில மாதம் கழித்துத் திறக்கும், அப்போது தொடர்புகொள்ளலாமா என்று. புது விளம்பரத்தில் அனுபவ ஆண்டுகள் இருந்த இடத்தில் மூன்று வரி போதும்: எந்தப் பகுதிக்குப் பொறுப்பு, முதல் தொண்ணூறு நாளில் என்ன முடிய வேண்டும், எந்த நான்கு மணி நேரம் எங்களோடு இருக்க வேண்டும். அந்த மூன்றையும் இன்று உங்களால் எழுத முடியவில்லை என்றால், விளம்பரம் இன்னும் மூன்று வாரம் காத்திருக்கட்டும்.